மரக்காணம் உப்பளப் பொருளியல்

மரக்காணம் உப்பளப் பொருளியல் என்பது, தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டக் கடற்கரை ஊரான மரக்காணத்தில் உப்பு விளைவிக்கப்படுவதையும் விற்கப்படுவதையும் பொருளியலின் அடிப்படைக் கருத்துருக்களைக் கொண்டு விளக்குவதாகும். மரக்காணம் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்துள்ளது. இங்குள்ள உப்பளங்கள் ஏறத்தாழ 3,000 ஏக்கர் பரப்பில் விரிந்துள்ளன. தூத்துக்குடி, வேதாரணியம் ஆகிய இடங்களுக்கு அடுத்தபடியாகத் தமிழ்நாட்டில் உப்பு பெருமளவில் விளையும் இடங்களுள் இதுவும் ஒன்றாகும்.

பொருளியலின் தொடக்கப் பாடங்களை விளக்க உப்பு மிகவும் ஏற்ற பண்டம். அனைவரும் வாங்குவது, ஒருவர் விளைவித்த கல்லுப்பை மற்றொருவர் விளைவித்ததிலிருந்து பிரித்தறிவது கடினம், மூலப்பொருளான கடல்நீருக்கு விலை இல்லை. எனினும் இந்த எளிய பண்டத்தின் பின்னே மாணவர்களை முதலில் குழப்பும் வினா ஒன்று உள்ளது. வெயில் நன்கு காய்ந்து உப்பு மிகுதியாக விளைந்த ஆண்டில், அதை விளைவித்தவரின் வருவாய் ஏன் குறைந்துவிடுகின்றது? இக்கட்டுரையில் விளக்கப்படும் கருத்துருக்களுள் பெரும்பாலானவை இவ்வினாவுக்கு விடை காண உதவுபவை.

கலைச்சொற்கள் பற்றி ஒரு குறிப்பு. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் தேவை, அளிப்பு, வாய்ப்புச் செலவு எனப்படுபவை இலங்கைப் பாடநூல்களில் முறையே கேள்வி, நிரம்பல், அமையச் செலவு எனப்படுகின்றன. மரக்காணம் தமிழ்நாட்டில் உள்ளமையால் இங்கு தமிழ்நாட்டு வழக்கு பின்பற்றப்படுகின்றது.

அருமையும் வாய்ப்புச் செலவும்

பொருளியலில் அருமை என்பது, விரும்பிய அனைத்தையும் நிறைவேற்றப் போதுமான வளங்கள் இல்லாத நிலையைக் குறிக்கும். கடல்நீர் அருமையான பொருள் அன்று. வங்காள விரிகுடாவின் கரையில் நின்று எவரும் வேண்டிய மட்டும் அள்ளிக் கொள்ளலாம். வெயிலும் அவ்வாறே. ஆனால் நீர் கசியாத களிமண் தரையும், கழிமுகத்தின் உவர்நீர் எளிதில் வந்து சேரும் தாழ்வான சமநிலமும், மழையற்ற பல மாதங்களும் ஒன்றுசேரும் இடங்கள் மிகச் சிலவே. மரக்காணத்தில் இம்மூன்றும் அமைந்துள்ளன. உப்பின் விலையில் அடங்குவது கடல்நீரின் விலை அன்று. இந்தச் சேர்க்கையின் விலையும், அதில் உழைப்பவரின் கூலியும், கொண்டுசெல்லும் செலவுமே ஆகும்.

ஒரு வளத்தை ஒரு பயனுக்கு ஈடுபடுத்தும்போது, கைவிடப்படும் மாற்றுப் பயன்களுள் சிறந்ததன் மதிப்பே வாய்ப்புச் செலவு எனப்படும். உப்பளத்தில் நெல் விளையாது. எனவே வேளாண்மையை மாற்றாகக் கொண்டால் அந்நிலத்தின் வாய்ப்புச் செலவு ஏறத்தாழ ஒன்றுமில்லை எனலாம். ஆனால் 1990களில் தமிழகக் கடற்கரையில் இறால் வளர்ப்பு பரவியபோது இக்கணக்கு மாறியது. உவர்நீர் தேங்கும் நிலம் இறால் பண்ணைக்கும் ஏற்றது. ஏற்றுமதியில் அதன் வருவாயும் அதிகம். உப்பு விளைவிப்பவர் ஒவ்வோர் ஆண்டும் அந்த வருவாயைக் கைவிட்டே உப்பு விளைவித்தார் என்று பொருளியல் கணக்கிடும். அவரது கணக்கேட்டில் அச்செலவு எழுதப்படுவதில்லை. 1996 திசம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம், செகநாதன் எதிர் இந்திய ஒன்றியம் என்ற வழக்கில், விளைநிலங்களையும் அலையாத்திக் காடுகளையும் போலவே உப்பள நிலங்களையும் இறால் குட்டைகளாக மாற்றக்கூடாது என்று தீர்ப்பளித்தது. 2005ஆம் ஆண்டு முதல் இத்துறை கடலோர நீருயிர் வளர்ப்பு ஆணையத்தின் கட்டுப்பாட்டில் உள்ளது. சட்டம் ஒரு மாற்றுப் பயனை விலக்கும்போது வாய்ப்புச் செலவும் குறைகின்றது. கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே மனை விலை ஏறும்போது அது மீண்டும் கூடுகின்றது.

உற்பத்தி முறையும் உற்பத்திக் காரணிகளும்

ஒரு கன மீட்டர் கடல்நீரில் சுமார் 35 கிலோகிராம் உப்புகள் கரைந்துள்ளன. அவற்றுள் சோற்றுப்பு எனப்படும் சோடியம் குளோரைடு நான்கில் மூன்று பங்குக்குச் சற்று மிகுதி. கழிமுக நீரையோ நிலத்தடி உவர்நீரையோ முதலில் பெரிய தேக்கங்களில் நிறுத்தி வைப்பர். பின்னர் அது ஆழம் குறைந்த பாத்திகளுக்கு அடுத்தடுத்து விடப்படும். நீர் ஆவியாக ஆவியாக முதலில் சுண்ணச் சேர்மங்களும் சிப்சமும் படியும். கடல்நீரின் பருமன் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிய பின்னரே உப்பு படிகமாகத் தொடங்குகின்றது. அப்போது நீரின் செறிவு போமே அளவுகோலில் 25 பாகை அளவில் இருக்கும். 29 பாகையைத் தாண்டவிட்டால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து படிந்து உப்பு கசந்துவிடும். ஆகவே எஞ்சிய கசப்பு நீரை உரிய நேரத்தில் வடித்துவிட வேண்டும். படிந்த உப்பைப் பலகையால் வாரி வரப்பில் சேர்த்து, பின்பு மேட்டில் அம்பாரமாகக் குவிப்பர்.

நிலம், உழைப்பு, மூலதனம், தொழில் அமைப்பு என்ற நான்கு உற்பத்திக் காரணிகளையும் இதில் எளிதாக அடையாளம் காணலாம். பாத்தியும் உவர்நீரும் வெயிலும் நிலம் என்ற காரணியில் அடங்கும், ஏனெனில் பொருளியலில் நிலம் என்பது இயற்கை வளங்கள் அனைத்தையும் குறிக்கும் சொல். பாத்தியை மிதித்துக் கெட்டிப்படுத்துவதும் உப்பை வாருவதும் சுமப்பதும் உழைப்பு. நீர் இறைக்கும் எந்திரம், வரப்பு, மதகு, பலகை ஆகியன மூலதனம். எப்போது நீர் பாய்ச்சுவது, எப்போது வாருவது, இன்றே விற்பதா அல்லது அம்பாரத்தைக் கீற்றால் மூடி வைத்துக் காத்திருப்பதா என்று முடிவெடுப்பதும், அந்த முடிவு தவறினால் இழப்பைத் தாங்குவதும் தொழில் அமைப்பாளரின் பணி.

குறைந்து செல் விளைவு விதியை உப்பளத்தைக் காட்டிலும் தெளிவாகக் காட்டும் இடம் அரிது. ஒரு குறிப்பிட்ட பரப்பில் நான்கு பேர் வேலை செய்யுமிடத்தில் ஐந்தாமவரைச் சேர்த்தால் உப்பு சற்று விரைவாக வாரப்படும். எட்டாமவரைச் சேர்த்தால் ஏறத்தாழ எந்தப் பயனும் இல்லை. நீரை ஆவியாக்குவது வெயில். வெயிலைக் கூலிக்கு அமர்த்த இயலாது. இதனால் குறுகிய காலத்தில் உப்பின் அளிப்பு விலைக்கேற்ப எளிதில் கூடுவதில்லை. விலை இரு மடங்கானாலும் இவ்வாரத்து விளைச்சல் இரு மடங்காகாது.

பருவமும் செலவும்

மரக்காணத்தில் உப்புப் பருவம் பொதுவாகச் சனவரியில் தொடங்கிச் செப்தம்பர் வரை நீடிக்கும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் திசம்பர் வரையான மாதங்களில் பாத்திகள் நீரில் மூழ்கிக் கிடக்கும். மழைக்குப் பின் வரப்புகளைச் சீர்செய்து, சேற்றை அகற்றி, தரையைக் கெட்டிப்படுத்திய பின்னரே முதல் உப்பு கிடைக்கும். இச்செலவு விளைச்சல் எவ்வளவாயினும் மாறுவதில்லை. குத்தகைத் தொகையும் அவ்வாறே. இவை மாறாச் செலவு எனப்படும். வாருகூலி, சுமைகூலி, எந்திரத்துக்கான எரிபொருள் அல்லது மின்சாரம் ஆகியன விளைச்சலுக்கேற்பக் கூடிக் குறைவதால் மாறும் செலவு ஆகும்.

இந்தப் பிரிவினை வெறும் பாடநூல் வகைப்பாடு அன்று. விலை வீழ்ந்துள்ள ஒரு மாதத்தில் உப்பை வாரி விற்பதா, பாத்தியிலேயே விட்டுவிடுவதா என்ற வினா எழும்போது, ஏற்கெனவே செலவழிந்துவிட்ட சீரமைப்புத் தொகையைக் கணக்கில் கொள்வது பிழை. கிடைக்கும் விலை வாருகூலியையும் சுமைகூலியையும் ஈடுசெய்தால் விற்பதே மேல். அதற்கும் கீழே விலை சென்றால் நிறுத்துவதே மேல். மொத்தத்தில் நட்டம் என்று தெரிந்தும் உப்பு விளைவிப்பவர் தொடர்ந்து விற்பதை வெளியிலிருந்து காண்போர் அறியாமை எனக் கருதக்கூடும். உண்மையில் அது சரியான கணக்கே.

புயல்கள் இக்கணக்கைக் குலைக்கின்றன. 2011 திசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயல், 2020 நவம்பரில் புதுச்சேரிக்கு வடக்கே மரக்காணம் அருகே கரையைக் கடந்த நிவர் புயல், 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த பெஞ்சல் புயல் ஆகியன இக்கடற்கரையைக் கடுமையாகத் தாக்கியவை. இவை பருவம் அல்லாத மாதங்களில் வந்தமையால் பாத்தியிலுள்ள உப்புக்கு இழப்பு குறைவு என்று தோன்றலாம். ஆனால் அம்மாதங்களில்தான் நல்ல விலையை எதிர்நோக்கிச் சேமித்த உப்பு வெளியே குவிந்திருக்கும். மேலும் வரப்புகள் எந்த அளவுக்குச் சிதைகின்றனவோ அந்த அளவுக்குச் சனவரியின் மாறாச் செலவு கூடும். முதல் விளைச்சலும் தள்ளிப்போகும்.

பயன்பாடும் விலையும்

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது பழமொழி. உப்பின்றி உணவும் இல்லை, உயிரும் இல்லை. அவ்வாறாயின் உப்பு ஏன் இவ்வளவு மலிவு? 1776இல் வெளிவந்த நாடுகளின் செல்வம் என்ற நூலில் ஆடம் சிமித் தண்ணீரையும் வைரத்தையும் ஒப்பிட்டு இதே புதிரை எழுப்பினார். தண்ணீரைவிடப் பயனுள்ளது எதுவுமில்லை. எனினும் அதைக் கொடுத்து ஏறத்தாழ எதையும் வாங்க இயலாது. 1870களில் பொருளியலாளர்கள் இறுதிநிலைப் பயன்பாடு என்ற கருத்துருவின் மூலம் இதற்கு விடை கண்டனர். விலை ஒரு பண்டத்தின் மொத்தப் பயனைப் பொறுத்தது அன்று. கடைசியாக வாங்கப்படும் ஓர் அலகு தரும் கூடுதல் பயனைப் பொறுத்தது. குழம்பில் இடும் முதல் சிட்டிகை உப்பின் பயன் மிகப் பெரிது. தேவையான அளவுக்கு மேல் இடும் சிட்டிகை குழம்பைக் கெடுக்கும். அதன் பயன் எதிர்மம். உப்பு ஏராளமாகக் கிடைப்பதால் எல்லோரும் அந்த எல்லைவரை வாங்கிவிடுகின்றனர்.

உப்பு அரிதாகக் கிடைத்த உள்நாட்டில் அதன் விலை இவ்வாறு இருக்கவில்லை. சங்க இலக்கியத்தில் உப்பு வணிகரான உமணர், மாடு பூட்டிய வண்டிகளில் நெய்தல் நிலத்து உப்பை உள்நாட்டுக்குக் கொண்டு சென்று நெல்லுக்கு மாற்றினர் என்ற செய்தி பல இடங்களில் வருகின்றது. சிறுபாணாற்றுப்படை குறிப்பிடும் எயிற்பட்டினம் என்னும் துறைமுகம் இன்றைய மரக்காணமே என ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். கடற்கரையில் மலிவாகக் கிடைப்பதைத் தொலைவிலுள்ள ஊரில் அருமையான பண்டமாக்குவது போக்குவரத்து. வணிகத்தால் இரு தரப்பும் பயனடையும் என்பதற்கு இப்பண்டமாற்றே போதிய சான்று: உப்பு மிகுந்தவருக்கு நெல்லின் இறுதிநிலைப் பயன் அதிகம், நெல் மிகுந்தவருக்கு உப்பின் இறுதிநிலைப் பயன் அதிகம்.

தேவையின் நெகிழ்ச்சி

விலை மாறும்போது வாங்கப்படும் அளவு எந்த விகிதத்தில் மாறுகின்றது என்பதே தேவையின் விலை நெகிழ்ச்சி. இந்தியர் ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாகச் சுமார் 10 கிராம் உப்பு உட்கொள்வதாக மதிப்பிடப்படுகின்றது. உலக நலவாழ்வு நிறுவனம் பரிந்துரைப்பது 5 கிராமுக்கும் குறைவு. நாளுக்கு 10 கிராம் எனில் ஆண்டுக்கு 4 கிலோகிராமுக்கும் குறைவே. உப்பு விலை பாதியானால் எவரும் இரு மடங்கு உண்பதில்லை. இரு மடங்கானால் எவரும் பாதியாகக் குறைப்பதுமில்லை. குடும்பச் செலவில் அதன் பங்கு மிகச் சிறிது. அதற்கு மாற்றுப் பண்டமும் இல்லை. ஆல்பிரட் மார்சல் 1890இல் வெளியிட்ட தமது பொருளியல் நூலிலேயே, விலை இறங்கினாலும் நுகர்வு பெரிதும் கூடாத பண்டங்களுக்கு எடுத்துக்காட்டாக உப்பைக் குறிப்பிட்டுள்ளார். இத்தகைய தேவை நெகிழ்ச்சி குறைந்த தேவை எனப்படும்.

முதலில் எழுப்பிய வினாவுக்கான விடை இங்கேதான் உள்ளது. விளக்கத்துக்காக மட்டும் சில எண்களைக் கொள்ளலாம். இயல்பான ஆண்டில் ஒரு வட்டாரத்தில் 100 டன் உப்பு விளைந்து டன்னுக்கு 2,000 ரூபாய் விலை கிடைப்பதாகக் கொண்டால் மொத்த வருவாய் 2,00,000 ரூபாய். அடுத்த ஆண்டு வெயில் நீடித்து 110 டன் விளைகின்றது. கூடுதலான 10 டன்னை வாங்க எவருக்கும் பெரிய விருப்பம் இல்லை. அதை விற்றுத் தீர்க்க விலை வெகுவாக இறங்க வேண்டும். விலை 1,200 ரூபாய்க்கு இறங்கினால் வருவாய் 1,32,000 ரூபாய் மட்டுமே. உழைப்பு கூடியது, விளைச்சல் கூடியது, வருவாய் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் தானிய விலைகளை ஆராய்ந்த கிரெகரி கிங்கின் பெயரால் இது கிங் விதி என வழங்குகின்றது.

இதை அறிந்த உப்பு விளைவிப்பவர் ஏன் உற்பத்தியைக் குறைப்பதில்லை என்று கேட்கலாம். அவர் ஒருவர் குறைத்தால் சந்தை விலை மாறாது. அவரது விற்பனை மட்டுமே குறையும். தனி ஒருவருக்குச் சரியான முடிவு, அனைவரும் அதையே எடுக்கும்போது அனைவருக்கும் இழப்பாகின்றது.

இதன் மறுபக்கம் மேலும் கொடியது. விளைச்சல் குறைந்தால் விலை ஏறி வருவாய் கூட வேண்டும் அல்லவா? மழை எல்லா உப்பளங்களிலும் பெய்தால் அவ்வாறே நடக்கும். ஆனால் மரக்காணத்தில் கோடை மழை பெய்து பாத்திகள் கரைந்த அதே வாரத்தில் தூத்துக்குடியில் வெயில் காய்ந்து கொண்டிருக்கலாம். அப்போது விலை ஏறாது. மரக்காணத்தில் உப்பும் இராது. சிறிய வட்டாரத்தின் விளைச்சல் உள்ளூர் வானிலையைப் பொறுத்தது, விலையோ நாட்டின் மொத்த அளிப்பைப் பொறுத்தது. இந்தியாவின் உப்பில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் குசராத்தில் விளைகின்றது. குசராத்து உப்பின் விலையுடன் அதைத் தமிழகத்துக்குக் கொண்டுவரும் செலவைக் கூட்டினால் வரும் தொகையே, மரக்காணம் உப்பு ஏறக்கூடிய விலையின் உச்ச வரம்பு.

உணவுக்கான தேவையைப் போலன்றி, தொழிற்சாலைகளின் தேவை வேறு வகையானது. எரிசோடா, சலவைச் சோடா, குளோரின் ஆகியவற்றின் உற்பத்திக்கும், தோல் பதனிடவும், சாயமிடவும், கருவாடு போடவும் உப்பு வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தோல் தொழிலில் வேலை குறைந்தால் பச்சைத்தோலுக்கு இடும் உப்பின் விற்பனையும் குறையும். இது வழித்தேவை எனப்படும்.

சந்தை அமைப்பு

பல விற்பனையாளர், பல வாங்குபவர், ஒரே தன்மையான பண்டம், சந்தை பற்றிய முழுத் தகவல், தடையற்ற நுழைவும் வெளியேற்றமும் ஆகிய இயல்புகள் கொண்ட சந்தை நிறைவுப் போட்டிச் சந்தை ஆகும். உப்பு விளைவிப்பவர்களைப் பொறுத்தவரை மரக்காணம் இவ்விலக்கணத்துக்கு நெருங்கி வருகின்றது. எந்த ஒருவரும் விலையைத் தீர்மானிப்பதில்லை, விலையை ஏற்பவராகவே உள்ளனர். வாங்கும் பக்கத்தில் நிலைமை வேறு. சிறு உற்பத்தியாளர் பலர் இருக்க, மொத்த வணிகர் சிலரே. பருவத் தொடக்கத்தின் சீரமைப்புச் செலவுக்கு வணிகரிடம் முன்பணம் பெற்றவர், விளைந்த உப்பை அவருக்கே, விளைந்த உடனே கொடுக்க வேண்டியவராகின்றார்.

உப்பு கெடாத பண்டம். கோடையில் மலிவாக உள்ளதை வாங்கி மழைக்காலத்தில் விற்றால் இலாபம் கிடைக்கும். இவ்வாறு சேமிப்பதால் சமூகத்துக்கும் பயன் உண்டு. கோடை விலை மிகவும் வீழாமலும் மழைக்கால விலை மிகவும் ஏறாமலும் அது தடுக்கின்றது. ஆனால் காத்திருப்பதற்குக் கைப்பொருள் வேண்டும், அம்பாரத்தை மூடக் கீற்றோ தார்ப்பாயோ வேண்டும், புயல் வந்தால் இழப்பைத் தாங்கும் வலிமையும் வேண்டும். வட்டி என்பது காத்திருத்தலின் விலை என்று பொருளியலில் கூறப்படுவதன் பொருள் இதுவே. காத்திருக்க இயலாதவரிடமிருந்து காத்திருக்க இயன்றவருக்குப் பருவகால விலை வேறுபாட்டின் பெரும்பகுதி சென்று சேர்கின்றது.

உப்பு கனமானது, விலை குறைந்தது. எனவே அதன் விற்பனை எல்லையைப் போக்குவரத்துச் செலவே வரையறுக்கின்றது. மரக்காணத்துக்கு அண்மையில் உள்ள தொடர்வண்டி நிலையம் திண்டிவனம். உப்பு பெரும்பாலும் சுமையுந்துகளிலேயே செல்கின்றது. முற்காலத்தில் பக்கிங்காம் கால்வாய் இப்பணியைச் செய்தது. ஆந்திரக் கடற்கரையிலிருந்து சென்னை வழியாக வரும் இக்கால்வாயின் தென்முனை மரக்காணமே. 1876–78 பெரும் பஞ்சத்தின்போது நிவாரணப் பணியாக, அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதி வெட்டப்பட்டது. அப்போதைய சென்னை ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் கால்வாய்க்கு இடப்பட்டது. தோணியில் ஏற்றிய உப்பு, வண்டியில் ஏற்றியதைவிட மிகக் குறைந்த செலவில் சென்னையை அடைந்தது. தூர்ந்துபோன கால்வாயில் இப்போது சரக்குப் போக்குவரத்து இல்லை.

முற்றுரிமையும் உப்பு வரியும்

ஒரே விற்பனையாளர் மட்டும் உள்ள சந்தை முற்றுரிமை எனப்படும். கிழக்கிந்தியக் கம்பனி 1805ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் உப்பை அரசின் முற்றுரிமையாக்கியது. விளைவித்தவர் அரசுக்கே விற்க வேண்டும்; அரசு தான் விதித்த விலையில் மக்களுக்கு விற்கும். மரக்காணத்துக்குத் தெற்கே மிக அண்மையில் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரி இம்முறைக்கு ஓர் இடையூறாக இருந்தது. அங்கு விளையும் உப்பு எல்லை தாண்டி வந்தால் முற்றுரிமை விலை நிலைக்காது. 1815ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி, பிரெஞ்சுப் பகுதிகளில் விளையும் உப்பில் உள்ளூர்த் தேவை போக எஞ்சியதை வாங்கும் தனி உரிமையைப் பிரித்தானியர் பெற்றனர். அதற்கு ஈடாக ஆண்டுதோறும் 4 இலட்சம் சிக்கா ரூபாயும் 300 பெட்டி அபினியும் வழங்க ஒப்புக்கொண்டனர். பின்னர் 1818ஆம் ஆண்டு உடன்படிக்கையால் அங்கு உப்பு விளைவிப்பதே நிறுத்தப்பட்டது. போட்டியாளரைப் பணம் கொடுத்து விலக்குவது முற்றுரிமையாளரின் பழைய உத்தி.

அரசு ஏன் உப்பைத் தேர்ந்தெடுத்தது என்பதற்கும் நெகிழ்ச்சியே விடை. தேவை நெகிழ்ச்சி குறைந்த பண்டத்தின்மீது வரி விதித்தால் விற்பனை பெரிதும் குறையாது, வரி வருவாய் உறுதி. சுமையின் பெரும்பகுதி வாங்குபவர்மீது விழும். செல்வரும் வறியவரும் ஏறத்தாழ ஒரே அளவு உப்பை உண்பதால் வறியவரின் வருமானத்தில் அதிக விகிதத்தை இவ்வரி எடுத்துக்கொண்டது. இத்தகைய வரி தேய்வீத வரி எனப்படும். 1888இல் மணங்கு ஒன்றுக்கு இரண்டரை ரூபாயாக இருந்த வரி 1903 முதல் படிப்படியாகக் குறைக்கப்பட்டது. மணங்கு என்பது ஏறத்தாழ 37 கிலோகிராம். கோபால கிருட்டிண கோகலே 1902ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்ட உரையில் இவ்வரியைக் கடுமையாகத் தாக்கினார். வரி குறைந்தபின் நுகர்வு கூடியது. மிக வறியவர்களைப் பொறுத்தவரை உப்பின் தேவையும் முற்றிலும் நெகிழ்ச்சியற்றது அன்று என்பதை இது காட்டியது. பாடநூல்கள் பெரும்பாலும் இதைச் சொல்வதில்லை.

1923இல் சட்டமன்றம் மறுத்த பின்பும் வைசிராய் தமது தனி அதிகாரத்தால் வரியை ஒன்றேகால் ரூபாயிலிருந்து இரண்டரை ரூபாயாக்கினார். மறு ஆண்டே அது மீண்டும் ஒன்றேகால் ரூபாயானது. 1930 ஏப்ரலில் இராசகோபாலாச்சாரி தலைமையில் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரணியம் சென்ற தொண்டர்கள் உப்பு அள்ளிச் சட்டத்தை மீறினர். வரி 1947 ஏப்ரலில் நீக்கப்பட்டது.

கூலி

வெறுக்கத்தக்க, கடினமான வேலைக்குக் கூலி அதிகமாக இருக்கும், இல்லையேல் எவரும் அதைச் செய்ய முன்வரமாட்டார் என்று ஆடம் சிமித் வாதிட்டார். உப்பள வேலை இதற்குப் பொருந்தும் வேலைதான். வெள்ளைப் பரப்பில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்களைக் கூசச் செய்கின்றது. அடர் உவர்நீரில் நாள்தோறும் நிற்பதால் கால் தோல் வெடிக்கின்றது. தமிழ்நாட்டு உப்பளங்களில் நடத்தப்பட்ட ஆய்வுகள், அங்குள்ள வெப்பம் தொழிலாளர் உடல்நலத்துக்குப் பாதுகாப்பான வரம்பை மீறுவதாகக் காட்டியுள்ளன. எனினும் கூலி அதற்கேற்ப உயர்ந்ததாக இல்லை.

சிமித்தின் கூற்று பொய்த்துவிட்டதாகக் கொள்ள வேண்டியதில்லை. அவர் தொழிலாளர் தாம் விரும்பிய வேலையைத் தேர்ந்தெடுக்கும் நிலையில் இருப்பதாகக் கொண்டார். வேறு வேலை கிடைக்காத ஊரில் தொழிலாளியின் வாய்ப்புச் செலவு மிகக் குறைவு; குறைந்த கூலிக்கும் வேலை செய்ய நேர்கின்றது. ஆண்டில் மூன்று மாதம் வேலையே இல்லாததால் அக்காலத்தில் பெற்ற கடனும் முன்பணமும் அடுத்த பருவத்தின் பேரத்தில் தொழிலாளியின் நிலையை மேலும் தாழ்த்துகின்றன. 2005ஆம் ஆண்டின் தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம் போன்ற ஏற்பாடுகள் கூலியை உயர்த்துவதற்குக் காரணம், அவை அனைவருக்கும் வேலை தருவது மட்டுமன்று. வேண்டாம் என்று சொல்லக்கூடிய நிலையைத் தருவதும் ஆகும்.

புறவிளைவுகளும் தகவலும்

ஒரு நடவடிக்கையின் பயனோ தீங்கோ அதில் பங்குகொள்ளாத மூன்றாமவரைச் சேருமானால் அது புறவிளைவு எனப்படும். மரக்காணம் அருகே உள்ள கழுவேலி ஏரி 2021ஆம் ஆண்டு பறவைகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. வலசை வரும் கரைப்பறவைகள் உப்பளத் தேக்கங்களிலும் இரை தேடுகின்றன. இதற்காக உப்பு விளைவிப்பவருக்கு எவரும் பணம் தருவதில்லை. ஆகவே உப்பளத்தைத் தொடர்வதா மாற்றுவதா என்று அவர் முடிவெடுக்கும்போது இப்பயன் கணக்கில் வருவதில்லை.

அயோடின் சேர்த்தல் இதனினும் சிக்கலானது. அயோடின் குறைபாடு கண்டமாலையை உண்டாக்கும். கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சியையும் தடுக்கும். உப்பில் அதைச் சேர்க்க ஆகும் செலவு மிகச் சிறிது. ஆனால் உப்பைப் பார்த்தோ சுவைத்தோ அதில் அயோடின் உள்ளதா என அறிய இயலாது. விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாத இந்நிலை தகவல் சமச்சீரின்மை ஆகும். இத்தகைய சந்தைகளில் தரமான பண்டம் விலக்கப்படும் என்பதை 1970ஆம் ஆண்டு சியார்ச் அக்கர்லாஃப் பழைய மகிழுந்துச் சந்தையைக் கொண்டு விளக்கினார். 2001இல் நோபல் நினைவுப் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இந்திய அரசு அயோடின் சேர்க்காத உப்பை உணவுக்காக விற்பதை 1998இல் தடை செய்து, 2000இல் அத்தடையை நீக்கி, 2006 மே 17 முதல் மீண்டும் கொண்டுவந்தது. 2011இல் உச்ச நீதிமன்றம் அப்போதைய விதி சட்டத்துக்கு உட்பட்டதன்று எனத் தீர்ப்பளித்தது. எனினும் அதே ஆண்டின் உணவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளில் தடை இடம்பெற்றது. உற்பத்தி நிலையில் பத்து இலட்சத்தில் 30 பங்கும், விற்பனை நிலையில் 15 பங்கும் அயோடின் இருத்தல் வேண்டும் என அப்போது விதிக்கப்பட்டது. நலவாழ்வு நோக்கில் இது தேவையான சட்டமே. ஆயின் அதன் சுமை சமமாகப் பரவவில்லை. சுத்திகரித்து, அயோடின் கலந்து, பொட்டலமிடும் ஆலையின் மாறாச் செலவு பெரிது. ஆயிரக்கணக்கான டன்னில் பகிரும் பெரு நிறுவனத்துக்கு அது கிலோவுக்குச் சில காசுகளே. சில ஏக்கர் மட்டுமே உள்ளவரால் அவ்வாறு பகிர இயலாது. இதுவே பேரளவு உற்பத்திச் சிக்கனம். இதனால் சிறு உற்பத்தியாளர் நுகர்வோருக்கு நேரடியாக விற்கும் வழி குறுகியது. அவர்களது உப்பு ஆலைகளுக்கு மூலப்பொருளாகவும், தோல், கருவாடு, பனிக்கட்டித் தொழில்களுக்காகவும் மொத்த வணிகர் வழியே செல்கின்றது.

அரசின் பங்கு

உப்பு இந்திய ஒன்றிய அரசின் பொறுப்பிலுள்ள துறை. செய்ப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட உப்பு ஆணையர் அமைப்பு இதைக் கவனிக்கின்றது. நாடு முழுவதும் இவ்வமைப்பின்கீழ் சுமார் 60,000 ஏக்கர் நிலம் உள்ளது. குத்தகைக் காலம் முடியும் தருவாயில் உள்ள நிலத்தில் எவரும் வரப்பைப் பலப்படுத்தவோ எந்திரம் வாங்கவோ முன்வரார் என்பதால், குத்தகை எவ்வளவு காலத்துக்கு உறுதி என்பது அதன் தொகையைப் போலவே முதலீட்டைத் தீர்மானிக்கின்றது.

தமிழ்நாடு அரசுக்குச் சொந்தமான தமிழ்நாடு உப்புக் கழகம் 1974இல் நிறுவப்பட்டு இராமநாதபுரம் மாவட்டம் வாலிநோக்கத்தில் இயங்குகின்றது. அதன் நெய்தல் என்ற பெயரிலான உணவு உப்பு 2022இல் விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டில் மழைக்கால மாதங்களில் வேலையிழக்கும் உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்கும் திட்டமும் தொடங்கப்பட்டது. இது அக்டோபர் முதல் திசம்பர் வரையான மாதங்களைக் கருதி வகுக்கப்பட்ட தொகை. ஏப்ரலிலோ மேயிலோ பெய்யும் ஒரு மழை பாத்திகளைக் கரைத்து, மீண்டும் உப்பு படியும் வரை இழக்கச் செய்யும் வேலை நாட்கள் அதன் கணக்கில் சேர்வதில்லை.